பெடல் பஞ்சாக அமுங்குகிறதா, சக்கரம் கத்துகிறதா? கார் பிரேக்கை வீட்டிலேயே பார்க்கும் முறை

பிரேக் கத்துகிறது என்று பிரேக் ஆயிலை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்று புது பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் தேய்மானக் கட்டை) வாங்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே காசுக்குக் கேடு. காலுக்குத் தெரியும் கோளாறு பெரும்பாலும் ஆயில் போகிற பாதையில் இருக்கும், காதுக்குக் கேட்கும் கோளாறு பேடும் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கும் உரசுகிற இடத்தில் இருக்கும். ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால், உங்களிடம் புகார் சொல்வது காலா காதா என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டும் சேர்ந்து வரும் இடங்கள் சில உண்டு, அவை வரும்போது சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். பெடல் தரை வரை போகிறது, ஆயில் டப்பாவில் (வண்டியில் பிரேக் ஆயில் நிற்கும் சின்னத் தொட்டி) மட்டம் வேகமாக இறங்குகிறது, சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறது, இரும்பை இரும்பு அரைக்கிற சத்தம் வருகிறது. இந்த நாலில் ஏதாவது ஒன்று இருந்தால் "மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம்" என்ற பேச்சே வேண்டாம், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.

முதலில் காலின் புகார்

இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை ஐந்தாறு முறை நன்றாக மிதியுங்கள். பூஸ்டரில் (வெற்றிடத்தின் உதவியால் காலின் அழுத்தத்தைக் கூட்டும் பாகம்) மிச்சமிருக்கும் வெற்றிடம் தீர்ந்து, பெடல் மேலேயே கெட்டியாக நிற்க வேண்டும். அந்த நிலையில் காலால் மிதமாக அழுத்தியபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கி நின்றால் பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையைச் செய்யாமல் நேராகக் காற்று எடுக்க, அதாவது ஆயில் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்ற, உட்காருகிறவர்கள்தான் அதிகம்.

*பெடல் பஞ்சு மாதிரி, பம்ப் செய்தால் மேலே வருகிறது, ஆனாலும் துள்ளுகிறது.* இது காற்று. ஆயிலை அழுத்திச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம், அதனால் உங்கள் காலின் பலம் சக்கரம் வரை போகாமல் வழியில் உள்ள குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. காற்று எடுத்தால் சரியாகும். ஆனால் மூடியே இருக்கும் பாதைக்குள் காற்று தானாக வராது. சமீபத்தில் யாராவது ஹோஸையோ காலிப்பரையோ (பிஸ்டனால் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) கழற்றினார்களா, டப்பாவில் ஆயில் மினிமம் கோட்டுக்குக் கீழே போனதா என்று யோசித்துப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் காற்றை மட்டும் எடுத்தால் அடுத்த மாதம் திரும்ப இதே இடத்தில் உட்கார்ந்திருப்பீர்கள்.

*முதல் மிதியில் கீழே போகிறது, இரண்டாவது மிதியில் மேலே வந்து கெட்டியாகவே நிற்கிறது.* மேலே சொன்னதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கெட்டித்தனம்தான். பின்சக்கரத்தில் டிஸ்க்குக்குப் பதில் டிரம் (உள்ளிருந்து ஷூ என்ற கட்டைகள் அழுத்தும் உருளை) இருந்தால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிப்போயிருக்கலாம். முதல் மிதி ஷூவை டிரம் வரை தள்ளுவதிலேயே தீர்ந்துவிடுகிறது. அட்ஜஸ்டரைச் சரிசெய்தால் போதும், காற்று எடுத்துப் பயனில்லை. வீல் பேரிங் ஆட்டம் கண்டிருந்தாலும் இப்படி ஆகும். சக்கரம் ஆட ஆட டிஸ்க் பேடை உள்ளே தள்ளிவிடுகிறது, அடுத்த மிதியில் பிஸ்டன் அந்தத் தூரத்தைத் திரும்பக் கடக்க வேண்டியிருக்கிறது.

*சிக்னலில் மிதித்தபடி நிற்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது.* வெளியே எங்கும் ஈரமில்லையென்றால் பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் தேய்ந்து, ஆயில் பிஸ்டனைத் தாண்டிப் பின்னால் வழிகிறது. எத்தனை முறை காற்று எடுத்தாலும் இது மாறாது.

*பெடல் கல் மாதிரி இருக்கிறது, முழுப்பலம் போட்டால்தான் வண்டி நிற்கிறது.* பூஸ்டர் பக்கம் போங்கள். இன்ஜினிலிருந்து பூஸ்டருக்கு வரும் வெற்றிடக் குழாய் வெடித்திருக்கலாம், கழன்றிருக்கலாம், அதிலுள்ள ஒருவழி வால்வு போயிருக்கலாம். மிதிக்கும்போதெல்லாம் பெடல் பக்கத்தில் "உஸ்" என்று விடாமல் சத்தம் கேட்டால் பூஸ்டருக்குள் உள்ள டயாஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்பு உண்டு. காலும் காதும் சேர்ந்து சொல்லும் இடங்களில் இது ஒன்று.

*நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தபின் பெடல் திடீரென்று மென்மையாகிறது, ஆறினால் சரியாகிவிடுகிறது.* ஆயில் கொதித்திருக்கிறது. நாம் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் இல்லை; வழக்கமாகப் போடும் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகைத் திரவங்கள், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளவை. தரவிதிப்படி புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், புது டாட் 4 230 டிகிரி வரை. அதே திரவத்தில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலைக்குக் கேட்கப்படுவது 140 டிகிரியும் 155 டிகிரியும்தான். எவ்வளவு இறங்கிவிடுகிறது பாருங்கள். நிறத்தைப் பார்த்து "நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்வதில் அர்த்தமில்லை, தண்ணீர் கலந்தால் நிறம் மாறாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் வண்டிகள்தான் அதிகம், உங்கள் வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும்.

இதையே இன்னொன்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இறக்கத்தில் பெடல் கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை, காந்தல் வாடை வருகிறது என்றால் கொதித்தது ஆயில் இல்லை. பேட் சூடேறிப் பிடிமானத்தை இழந்திருக்கிறது. அதற்கு மருந்து கியரைக் குறைத்து இறங்குவது.

காற்று எடுக்கும் வேலை

வேண்டியவை: கையேட்டில் சொன்ன வகை ஆயில், சீல் உடைக்காத புது டப்பா (ஒரு லிட்டர் இருந்தால் பெரும்பாலான கார்களுக்குப் போதும்), நிப்பிளுக்கு (ஒவ்வொரு சக்கரத்திலும் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகு) சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பேனர், உள்ளே தெரிகிற மாதிரி ஒரு டியூப், ஒரு பழைய பாட்டில், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, ஒரு வாளித் தண்ணீர், அப்புறம் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஓர் ஆள். கடைசியில் சொன்னதுதான் கிடைப்பதற்கு அரிது.

தண்ணீர் எதற்கு என்றால், இந்தத் திரவம் பெயின்ட்டைத் தின்றுவிடும். ஒரு சொட்டு பட்டாலும் துணியால் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். டாட் 5 என்று இருப்பதை மட்டும் 5.1இன் தம்பி என்று நினைத்துவிடாதீர்கள், அது சிலிக்கோன். மற்றவற்றோடு கலக்காது, கலக்கவும் கூடாது. இன்ஜின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில் மாதிரி எதுவும் தவறிக்கூட உள்ளே போகக் கூடாது. ரப்பர் சீல் அத்தனையும் ஊதிப்போய், முழு பிரேக்கையும் பிரித்து மாற்றும் நிலை வந்துவிடும்.

வண்டி சமதளத்தில் நிற்கட்டும், இன்ஜின் அணைந்திருக்கட்டும், தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கியபின் வண்டியைத் தாங்க ஸ்டாண்ட் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை, தலை எதையும் நீட்டாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிப்பிள் கழலுமா என்று பாருங்கள். பல வருடம் தொடாத நிப்பிள் துருப்பிடித்து இறுகியிருக்கும், மல்லுக்கட்டினால் கழுத்தோடு முறிந்துவிடும், முறிந்தால் காலிப்பர் வேலையாகிவிடும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். மறுநாள் சின்னச் சுத்தியலால் தலையில் லேசாகத் தட்டி, முதலில் ஒரு மயிரிழை இறுக்கும் பக்கம் அசைத்துவிட்டு, அப்புறம் தளர்த்துங்கள். திறந்த வாய் ஸ்பேனரைப் போட்டுத் தலையின் மூலையை மழுக்கிவிட்டால் அதற்குப் பிறகு வரும் வேலை நல்ல வேலையாக இருக்காது. நாலு நிப்பிளும் கழன்றால் மட்டும் தொடருங்கள்.

வண்டியில் உள்ள ஆயில் டப்பாவின் மூடியைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிட்டுத் திறங்கள். பழைய ஆயிலில் முக்கால்வாசியை ஒரு பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஆயிலை நிரப்பிவிட்டால் பழைய கருப்பு ஆயிலை நாலு சக்கரம் வழியாகவும் தள்ளிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அடியில் உள்ள துளை வெளியே தெரியும்வரை மட்டும் உறிஞ்சிவிடாதீர்கள். அங்கே காற்று நுழைந்தால் நீங்களே உங்களுக்கு வேலை வைத்துக்கொண்டதாகிவிடும்.

எந்தச் சக்கரம் முதலில்? பொதுவாக மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தூரத்தில் இருப்பது. மாஸ்டர் சிலிண்டர் பெரும்பாலும் டிரைவர் பக்கம் இருப்பதால், டிரைவருக்கு எதிர்ப்பக்கப் பின்சக்கரம், பிறகு டிரைவர் பக்கப் பின்சக்கரம், பிறகு எதிர்ப்பக்க முன்சக்கரம், கடைசியில் டிரைவர் பக்க முன்சக்கரம். ஆனால் பல கார்களில் பிரேக் பாதை குறுக்குவாட்டில் பிரிந்திருக்கும், ஒரு முன்சக்கரமும் அதற்கு எதிர்மூலைப் பின்சக்கரமும் ஒரே இணைப்பில். அவற்றுக்குக் கையேட்டில் வேறு வரிசை போட்டிருந்தால் கையேடு சொல்வதுதான் சரி, நான் சொல்வது இல்லை.

இனி வேலை. டியூபின் ஒரு முனையை நிப்பிளில் மாட்டுங்கள், மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிய ஆயிலுக்குள் முழுகியிருக்கட்டும். நிப்பிளிலிருந்து டியூப் முதலில் மேலே எழும்பி, அப்புறம் வளைந்து பாட்டிலுக்கு இறங்கினால் குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே இருக்கும் ஆள் பெடலை மெதுவாக மிதித்து அப்படியே பிடிக்க வேண்டும். "பிடித்துவிட்டேன்" என்று அவர் சொன்னபின் நிப்பிளைக் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று வரை திறங்கள். ஆயில் பாயும், பெடல் இறங்கும். "கீழே வந்துவிட்டது" என்றதும் நிப்பிளை மூடுங்கள். மூடினேன் என்று நீங்கள் சொன்ன பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். இதில் ஒரு முறை தவறினால் போதும், வெளியே தள்ளிய காற்றைவிட அதிகமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் ஆரம்பிப்பதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், "பிடி", "விடு" இரண்டே சொல், வேறு பேச்சு கிடையாது.

பெடலைத் தரை வரை மிதிக்க விடாதீர்கள், பழைய வண்டியில் முக்கியமாக. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் தினமும் ஓடுகிற தூரம் வழவழவென்று இருக்கும், அதைத் தாண்டிய பகுதியில் வருடக்கணக்கான அழுக்கும் அரிப்பும் படிந்திருக்கும். சீல் அதன்மேல் ஏறினால் கிழியும். காற்று எடுக்கும்வரை நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் எடுத்தபின் போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் பலருக்கு நடந்தது இதுதான். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்துவிடுங்கள்.

ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை எழுந்துபோய் டப்பாவில் மட்டம் பாருங்கள். சோம்பலாகத்தான் இருக்கும். மட்டம் வற்றிக் காற்று போய்விட்டால் முதல் சக்கரத்திலிருந்து திரும்பவும் தொடங்க வேண்டும், அந்தச் சோம்பலைவிட இது பெரிது. குமிழி நின்று, தெளிந்த புது ஆயில் வரும்வரை ஒரு சக்கரம். பிறகு நிப்பிளை இறுக்குங்கள், ஆனால் வெறிகொண்டு இறுக்காதீர்கள். சின்னத் துளையிட்ட திருகு அது, மிதமான இறுக்கமே அதற்குப் போதும். ரப்பர் மூடியைப் போட்டு, சுற்றிலும் தண்ணீரால் கழுவி, துடைத்துவிட்டு அடுத்த சக்கரம்.

ஆள் இல்லையென்றால் மூடியைத் தளர்த்தி வைத்து நிப்பிளைத் திறந்து, ஆயில் தானாகச் சொட்ட விடலாம். நேரம் பிடிக்கும், பெடலும் சீலும் பத்திரம். வெற்றிட பம்ப் வைத்து உறிஞ்சும்போது குமிழி நிற்கவே நிற்காது. நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்றையும் சேர்த்து இழுப்பதால் அப்படித் தெரியும். அதைப் பார்த்துவிட்டு இரண்டு லிட்டர் காலி செய்துவிடாதீர்கள்.

எடுத்தும் பெடல் சரியாகவில்லை என்றால்

இதில் நானே பட்டிருக்கிறேன். முன்பக்கக் காலிப்பர் இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன், அப்புறம் ஒரு மதியம் முழுக்கக் காற்று எடுத்தேன், குமிழியே வரவில்லை, ஆயில் கண்ணாடி மாதிரி வந்தது, பெடல் மட்டும் பஞ்சு. மாஸ்டர் சிலிண்டர்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். மறுநாள் காலை சக்கரத்தைக் கழற்றிச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நிப்பிள் காலிப்பரின் கீழ்ப்பக்கம் இருப்பது கண்ணில் பட்டது. இடதையும் வலதையும் மாற்றி மாட்டியிருந்தேன். காற்று மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது, நான் கீழிருந்து ஆயிலை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நிப்பிள் எப்போதும் மேலேதான் இருக்க வேண்டும். காலிப்பரைக் கழற்றியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இது.

அது சரியாக இருந்தால் அடுத்தது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு). டப்பா முழுக்க வற்றியிருந்தாலோ ஏபிஎஸ் யூனிட்டைக் கழற்றியிருந்தாலோ அதற்குள் காற்று சிக்கியிருக்கும். அதன் வால்வுகளை ஸ்கேன் கருவியால் திறந்து மூடினால்தான் பல வண்டிகளில் அது வெளியே வரும், காலால் மிதித்து வராது. மாஸ்டர் சிலிண்டர் புதிது என்றால், வண்டியில் மாட்டும் முன்பே அதைத் தனியாக வைத்து ஆயில் நிரப்பிக் காற்றை எடுத்தார்களா என்று கேளுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் ரப்பர் ஹோஸ்: ஒருவர் மிதிக்க, இன்னொருவர் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். பழசாகிப்போன ஹோஸ் பலூன் மாதிரி உப்பும்.

காலின் அழுத்தத்துக்குப் பதில் கணினி மூலம் பிரேக் பிடிக்கும் ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் இந்த வேலையே வேறு மாதிரி. அழுத்தம் சேர்த்து வைத்திருக்கும் பாகம் உள்ள வண்டியில் நிப்பிளைத் திறந்து பார்ப்பதெல்லாம் வேண்டாம், ஸ்கேன் கருவி உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள்.

இனி காதின் புகார்

சத்தத்தை விவரிப்பதைவிட அது எப்போது வருகிறது என்பதைக் கவனிப்பது பயன் தரும். மிதிக்கும்போதா, மிதிக்காதபோதா, மிதித்தால் நின்றுவிடுகிறதா, வளைவில் மாறுகிறதா. ஜன்னலை இறக்கிவிட்டு, ஆளில்லாத சாலையில், பக்கத்தில் சுவர் இருந்தால் இன்னும் நல்லது, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சுவரில் பட்டு வரும் எதிரொலியில் எந்தப் பக்கச் சக்கரம் என்பதும் தெரிந்துவிடும்.

*காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்கு மட்டும் கரகரப்பு.* மழையிலோ பனியிலோ நின்ற வண்டியின் டிஸ்க்கில் மெல்லிய துரு படிந்திருக்கும், பேட் அதைத் துடைக்கிறது. விட்டுவிடுங்கள்.

*ஓடும்போது ஒரு மெல்லிய கீச், பிரேக்கை மிதித்தால் மாறுகிறது அல்லது நிற்கிறது.* பேடின் ஓரத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும். பேட் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் டிஸ்க்கைத் தொட்டுக் கத்துவதற்கென்றே வைத்திருக்கிறார்கள். சக்கரத்தைக் கழற்றி இரண்டு பேடையும் பாருங்கள், வெளியே தெரிகிற ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். வெளிப் பேட் பாதி இருக்க, உள் பேட் இரும்பு வரை தேய்ந்துபோவது சர்வசாதாரணம். அப்படி உள் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் புது பேட் போடுவதோடு நிறுத்தாதீர்கள். ஸ்லைடு பின் (காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் கம்பி) இறுகியிருக்கும், அல்லது பிஸ்டன் திரும்பிப் போக மறுக்கும். அதைச் சரிசெய்யாமல் போடும் புது பேடும் அதே போலத்தான் தேயும்.

*மிதிக்கும்போது மட்டும் கிறீச்.* எல்லோரும் புகார் சொல்வது இதைத்தான், பெரும்பாலும் ஆபத்தில்லாததும் இதுதான். பேட் டிஸ்க்கின்மேல் மிக வேகமாக அதிர்கிறது, வில் பட்ட நரம்பு மாதிரி. பேடின் பின்னால் இருக்க வேண்டிய தகடு இல்லாமல் போயிருக்கலாம், பேடின் காதுகள் (இரு முனையிலும் நீட்டியிருக்கும் பகுதி) உட்காரும் இடம் காய்ந்து துருப்பிடித்திருக்கலாம், பேட் சூட்டில் பளபளத்து இறுகியிருக்கலாம், அல்லது பேடே கடினமான வகையாக இருக்கலாம். காலிப்பரைக் கழற்றி (ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள்) பேட் உட்காரும் இடங்களை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பேடின் காதுகளிலும் முதுகிலும் பிரேக்குக்கென்று உள்ள சூடு தாங்கும் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கோன் கிரீஸ்தான், சாதாரண கிரீஸ் அங்கிருக்கும் ரப்பரை ஊத வைத்துப் பின்னை இறுக்கிவிடும். டிஸ்க்கிலோ பேடின் முகத்திலோ கிரீஸ் பட்டுவிட்டால் அந்தப் பேடை மறந்துவிடுங்கள். தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது. பழைய பேடிலும் ஷூவிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக் கூடும், பிரேக் கிளீனர் அடித்து நனைத்துத் துடையுங்கள்.

*மிதித்தால் கரகரவென்று அரைக்கிறது, பெடலிலும் தெரிகிறது.* பேட் தீர்ந்து முதுகுத் தகடு டிஸ்க்கை உழுகிறது. பேட் மட்டும் மாற்றிச் சமாளிக்க முடியுமா என்பதை டிஸ்க்கின் தடிமன்தான் சொல்லும். டிஸ்க்கின் ஓரத்திலோ நடுவிலோ குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பொறித்திருப்பார்கள். அளந்து பார்த்து அதற்குக் கீழே போயிருந்தால் டிஸ்க்கும் சேர்த்து, இரண்டு பக்கமும். ஆனால் திடீர் பிரேக்கில் பெடல் துடித்துக்கொண்டு கரகரத்தால் அது ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வது, அப்போது காலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள்.

*மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒரு உரசல், தகரம் தேய்கிற மாதிரி.* டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தூசித் தகடு வளைந்து தொடுகிறது, அல்லது நடுவில் ஒரு கல் மாட்டியிருக்கிறது. விரலாலோ ஸ்குரூ டிரைவராலோ தகட்டை நெம்பிவிட்டால் தீர்ந்தது. இதற்குப் பேட் மாற்றிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன், புதுப் பேடோடும் அதே சத்தம். இரைச்சல் வேகத்தோடு ஏறி, ஒரு பக்கம் வளைத்தால் கூடி மறுபக்கம் வளைத்தால் குறைந்தால் அது பிரேக்கே இல்லை, வீல் பேரிங்.

*பள்ளம் மேட்டில் கடகடவென்று ஆடுகிறது, பிரேக்கை லேசாகத் தொட்டதும் அமைதி.* பேடைப் பிடித்திருக்கும் கிளிப் இல்லை, அல்லது ஸ்லைடு பின் தேய்ந்து காலிப்பர் ஆடுகிறது. ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் போகும்போது முதல் பிரேக்குக்கு ஒரே ஒரு "டக்" வருவதும் இந்த வகைதான், பேட் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் நகர்ந்து இடிக்கிறது. அந்த "டக்" ஒவ்வொரு மிதிக்கும் வந்தால், அல்லது முன்பைவிடக் கனத்தால், காலிப்பர் போல்ட்டின் இறுக்கத்தை அன்றே பாருங்கள்.

*வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது, பெடல் துடிக்கிறது.* டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் நடப்பது, டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே மாதிரி இல்லாமல் போவது. பேடின் பொருள் சில இடங்களில் மட்டும் அப்பிக்கொள்வதும் அதில் சேரும். வீல் நட்டைத் தாறுமாறாக இறுக்கியதும், டிஸ்க் மாட்டும்போது ஹப்பில் (டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் நடுப்பாகம்) இருந்த துருவைத் தேய்க்காமல் விட்டதும் இதற்கு ஆரம்பம். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆட்டம்கூட நாளடைவில் காலுக்குத் தெரிந்துவிடும். ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்துவிட்டு மாட்டுங்கள், நட்டை நட்சத்திர வரிசையில், டார்க் ஸ்பேனரால் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள்.

ஒரு பக்கம் இழுக்கிறது, ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது

ஓட்டி நிறுத்தியபின் சக்கரத்தைத் தொடாமல், பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே வெப்பம் தெரியும். சூடான சக்கரத்தை ஸ்டாண்டில் ஏற்றிக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் நிப்பிளைத் திறங்கள். கொஞ்சம் ஆயில் பீச்சியடித்துச் சக்கரம் விடுபட்டால், காலிப்பர் நல்லவன். அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கிறது. ஹோஸின் உட்பக்கம் உரிந்து வால்வு மாதிரி அடைத்திருக்கலாம், வெளியிலிருந்து பார்த்தால் புதுசு போலவே இருக்கும். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லையென்றால் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ சிக்கியிருக்கிறது. பின்சக்கரம் என்றால் ஹேண்ட்பிரேக் கேபிளும் சந்தேகத்துக்குரியது.

பிஸ்டனைப் பின்னால் தள்ளும்போது இரண்டு விஷயம். ஆயில் திரும்பி டப்பாவுக்கு ஏறும், விளிம்பு வரை இருந்தால் வழிந்து பெயின்ட்டில் ஓடும். பேட் தேயத் தேய டப்பாவில் மட்டம் தானாகக் கொஞ்சம் இறங்குவது இயல்பு, அதைக் கசிவு என்று நினைத்து ஊற்றி ஊற்றி நிரப்பியவர்களுக்குத்தான் இப்படி வழியும். அப்புறம், ஹேண்ட்பிரேக் சேர்ந்திருக்கும் பின் காலிப்பர்களில் பிஸ்டனைத் தள்ளக் கூடாது, பெரும்பாலானவற்றில் சுற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். மின்சார ஹேண்ட்பிரேக் என்றால் முதலில் அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் மோட்டார் போய்விடும்.

நகர்த்துவதற்கு முன்

பிஸ்டனைத் தள்ளிப் பேட் மாட்டியபின் முதல் மிதி தரை வரை போகும். அதைச் சாலையில் போய்த் தெரிந்துகொள்ளாதீர்கள். வண்டி நின்றபடியே பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். இன்ஜினை ஓடவிட்டு முப்பது விநாடி பலமாக அழுத்திப் பிடியுங்கள், பெடல் இறங்கக் கூடாது. இறங்கிவந்து நாலு நிப்பிளிலும் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பிறகு நடை வேகத்தில் நாலு முறை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் வெளியே.

புதுப் பேட் என்றால் ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைப்பதை எட்டுப் பத்து முறை செய்யுங்கள், நடுவில் முழுசாக நிறுத்தாமல். பேட் சூடாக இருக்கும்போது பெடலை அழுத்திக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் அப்பிக்கொள்ளும், முன்பு சொன்ன உதறல் அங்கிருந்தே தொடங்கும். கொஞ்ச தூரம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட்டு வீட்டுக்கு வாருங்கள். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன், டப்பாவில் மட்டம் நேற்று இருந்த இடத்திலேயே நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.